விட்டுப்போன பையைக் கண்டுபிடிக்கும் கேமராவுக்குக் காப்புரிமை கேட்கிறார்களா? அமெரிக்க அலுவலகத்துக்கு ஆதாரம் அனுப்பும் முறை

ரயில் நிலையத்தில் யாரோ விட்டுப்போன பையைப் பார்த்து எச்சரிக்கை எழுப்பும் கேமரா, அருங்காட்சியகத்தில் பீடத்தின் மேல் இருந்த சிலை காணாமல் போனால் சொல்லும் கேமரா, இரண்டும் உள்ளே செய்வது கிட்டத்தட்ட ஒரே வேலைதான். வீடியோ அனலிட்டிக்ஸில், அதாவது கேமரா படத்தைக் கணினியே அலசும் துறையில், வேலை செய்கிற எவருக்கும் அது புதிதில்லை, 2000களின் நடுப்பகுதியிலேயே அதற்கென்று பொதுச் சோதனை வீடியோக்களும் ஆய்வுப் பட்டறைகளும் வந்துவிட்டன. ஆனாலும் அதே வேலையைக் கொஞ்சம் வேறு சொற்களில் எழுதி அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போடுவது நிற்கவில்லை. அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டு "இதை நாங்கள் காலேஜ் ப்ராஜெக்ட்டிலேயே செய்தோமே" என்று கோபம் வந்தால், அந்தக் கோபத்தைப் பயனுள்ள காகிதமாக மாற்ற ஒரு வழி இருக்கிறது.

2011-இல் அமெரிக்காவில் நிறைவேறிய காப்புரிமைச் சீர்திருத்தச் சட்டம், விண்ணப்பம் பரிசோதனையில் இருக்கும்போதே வெளியாட்கள் யார் வேண்டுமானாலும், இது புதிதல்ல என்று காட்டும் பழைய ஆவணங்களை அனுப்பலாம் என்று ஒரு கதவைத் திறந்தது. 2012 செப்டம்பர் 16 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கராக இருக்க வேண்டும், வக்கீலாக இருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம், டொராண்டோவில் இருந்தும் செய்யலாம்.

இது எதற்கு முக்கியம் என்றால், பரிசோதகருக்கு ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் மணி நேரம்தான். அவர் முதலில் தேடுவது பழைய காப்புரிமைகளுக்குள். நம் துறையின் நல்ல ஆதாரங்களில் பாதி, கருத்தரங்கக் கட்டுரைகளிலும் கேமரா கையேடுகளிலும் கிடக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க, துறைக்குள் இருப்பவர்களை விட்டால் ஆள் கிடையாது. காப்புரிமை கிடைத்த பிறகு அதை எதிர்க்கவும் வழிகள் உண்டு, ஆனால் அதற்குப் பெரும் பணமும் வக்கீல் படையும் வேண்டும். சின்ன கம்பெனி ஒன்று ஒரு மிரட்டல் கடிதத்தைப் பார்த்தே அந்த வசதியைத் தன் தயாரிப்பிலிருந்து எடுத்துவிடும். அதனால் முன்கூட்டியே செய்வதில்தான் எனக்கு நம்பிக்கை.

முதலில் எண்ணையும் தேதியையும் பாருங்கள்

கையில் இருப்பது விண்ணப்பமா, கிடைத்துவிட்ட காப்புரிமையா? எண்ணின் கடைசியில் ஏ1 என்று இருந்தால் வெளியிடப்பட்ட விண்ணப்பம். பி1, பி2 என்று இருந்தால் காப்புரிமை ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது, இந்த வழி மூடிவிட்டது. செய்தித் தளங்கள் இந்த இரண்டையும் குழப்பி "காப்புரிமை பெற்றது" என்று எழுதிவிடும், அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

விண்ணப்பம்தான் என்றால் அடுத்தது கெடு. பொதுவாக முதல் தாக்கல் தேதியிலிருந்து 18 மாதத்தில் விண்ணப்பம் வெளியாகும். அது வெளியான நாளிலிருந்து 6 மாதம், அல்லது பரிசோதகர் ஏதாவது ஒரு க்ளெய்மை (எதற்கு உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தின் கடைசியில் எண்ணிட்டுச் சொல்லும் வாசகத்தை) முதன்முதலாக நிராகரிக்கும் நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அதற்கு முன்னால் உங்கள் ஆவணங்கள் போய்ச் சேர வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு முன்பே, காப்புரிமை தருகிறோம் என்ற அனுமதி அறிவிப்பு வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதாவது ஒரு விண்ணப்பம் 2025 செப்டம்பர் 11-இல் வெளியானது என்று வைத்துக்கொண்டால், 2026 மார்ச் 11 வரை நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது, ஜனவரியிலேயே அனுமதி அறிவிப்பு வந்தால் ஜனவரியோடு சரி. கூடுதல் கட்டணம் கட்டி வேகப் பரிசோதனை கேட்ட விண்ணப்பங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கெடுவை நீட்டிக்கக் கேட்கவும் முடியாது.

இதையெல்லாம் பார்க்க அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பேட்டன்ட் சென்டர் என்ற தளத்துக்குப் போங்கள், விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் அதில் நடந்த கடிதப் போக்குவரத்து முழுக்க இலவசமாகத் தெரியும். இங்கே இன்னொரு விஷயத்தையும் பார்த்துவிட வேண்டும். வெளியான ஏ1 ஆவணத்தில் இருக்கும் க்ளெய்ம்கள் பிறகு திருத்தப்பட்டிருக்கலாம். கடைசியாகத் தாக்கல் செய்த க்ளெய்ம் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், இல்லையென்றால் கைவிடப்பட்ட வாசகத்துக்கு ராத்திரி பகலாக ஆதாரம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தலைப்பை மறந்துவிட்டு க்ளெய்மை உடையுங்கள்

"கைவிடப்பட்ட அல்லது அகற்றப்பட்ட பொருளைக் கண்டறியும் கேமரா" என்று தலைப்பு இருக்கும். தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் சட்ட மதிப்பு கிட்டத்தட்ட இல்லை. விண்ணப்பதாரர் எதற்கு வேலி போடுகிறார் என்பது கடைசியில் இருக்கும் எண்ணிட்ட க்ளெய்ம்களில்தான் இருக்கிறது. அதிலும் முதலில் வேறு எந்த க்ளெய்மையும் சுட்டாத, தனித்து நிற்கும் க்ளெய்ம்களை எடுங்கள். பெரும்பாலும் 1, அப்புறம் 10-ஐ ஒட்டி ஒன்று, 20-ஐ ஒட்டி ஒன்று என்று இரண்டு மூன்று இருக்கும்.

விளக்கத்துக்காக நானே ஒரு க்ளெய்மை எழுதிக் காட்டுகிறேன். "ஒரு கண்காணிப்பு கேமரா. அதில் ஒரு பட உணரி இருக்கிறது. கேமராவின் உறைக்குள்ளேயே ஒரு செயலி இருக்கிறது. அந்தச் செயலி காட்சியின் பின்னணி மாதிரியைத் தயாரித்துப் புதுப்பிக்கிறது. பின்னணியிலிருந்து மாறுபட்டும், குறித்த நேரத்துக்கு மேல் அசையாமலும் இருக்கும் பகுதியைக் கண்டறிகிறது. அந்தப் பகுதியின் எல்லையில் உள்ள விளிம்புகளைத் தற்போதைய படத்திலும் பின்னணி மாதிரியிலும் ஒப்பிட்டு, பொருள் வைக்கப்பட்டதா எடுக்கப்பட்டதா என முடிவு செய்கிறது. முடிவைப் பொறுத்து வெவ்வேறு எச்சரிக்கைகளை வலையமைப்பு வழியாக அனுப்புகிறது."

முதல் வாக்கியம் பொருளின் பெயர்தான், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கூறு. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, இடது பத்தியில் ஒரு வரிக்கு ஒரு கூறு என்று எழுதிக்கொள்ளுங்கள். "புதிதல்ல" என்று சொல்ல வேண்டுமானால், இந்த ஆறு கூறுகளும் ஒரே பழைய ஆவணத்தில் இருக்க வேண்டும், ஐந்து இருந்து ஒன்று இல்லாவிட்டால் அந்த ஆவணம் அந்த வாதத்துக்கு உதவாது. அப்போதும் "துறை தெரிந்தவருக்கு இது எளிதில் தோன்றியிருக்கும்" என்ற அடிப்படையில் பரிசோதகர் இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்து நிராகரிக்க முடியும். எப்படிச் சேர்ப்பது என்பது அவர் வேலை. நாம் செங்கல்லைக் கொடுத்தால் போதும்.

இப்போது அந்த ஆறையும் பாருங்கள். பட உணரி, வலையமைப்பு எச்சரிக்கை இரண்டும் எங்கும் கிடைக்கும். பின்னணி மாதிரி, அதாவது ஆளும் புதுப் பொருளும் இல்லாதபோது காட்சி எப்படி இருக்கும் என்று கேமரா வைத்திருக்கும் கணக்கு, என்றால் 1999-இல் ஸ்டாஃபரும் கிரிம்சனும் எம்ஐடியிலிருந்து எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் படிக்காதவர் கிடையாது, ஒவ்வொரு பிக்சலையும் பல காஸியன் பரவல்களின் (மணி வடிவப் புள்ளியியல் வளைவுகளின்) கலவையாக வைத்துப் புதுப்பித்துக்கொண்டே போகும் முறை. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கடினமான கூறு எது? இந்த உதாரணத்தில் விளிம்பு ஒப்பீடு. விண்ணப்பதாரர் பரிசோதகரிடம் "எங்கள் புதுமை இங்கேதான்" என்று கடைசியில் போய் நிற்கப்போவதும் அந்த ஒற்றைக் கூறில்தான். ஆகவே உங்கள் தேடல் நேரத்தில் முக்கால்வாசியை அதற்கே ஒதுக்குங்கள்.

அந்தக் கூறின் உள்ளே என்ன நடக்கிறது

நுட்பம் புரியாமல் தேடினால் சரியான ஆவணம் கண்முன்னே வந்தாலும் தவறிவிடும், அதனால் கொஞ்சம் உள்ளே போகலாம். ஒருவர் தரையில் பையை வைத்துவிட்டுப் போகிறார். பின்னணி மாதிரியில் அந்த இடத்தில் வெறும் தரை. இப்போதைய படத்தில் பை. இரண்டையும் கழித்தால் பை வடிவத்தில் ஒரு திட்டு கிடைக்கும். சரி, அந்தப் பை அங்கே காலையிலிருந்தே இருந்து, பின்னணி மாதிரியிலும் கலந்துபோய், பிறகு ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போனால்? இப்போதும் கழித்தால் அதே பை வடிவத் திட்டுதான். திட்டை மட்டும் பார்த்து வைத்ததா எடுத்ததா என்று சொல்ல முடியாது.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், திட்டின் எல்லைக்கோட்டில். பை வைக்கப்பட்டிருந்தால், இப்போதைய படத்தில் அந்த எல்லையை ஒட்டி அழுத்தமான விளிம்பு இருக்கும், பின்னணியில் அதே கோட்டில் தரையின் ஓடு மட்டும்தான் இருக்கும். எடுக்கப்பட்டிருந்தால் தலைகீழ், பின்னணி மாதிரியில் விளிம்பு இருக்கும், இப்போதைய படத்தில் இருக்காது. வேறு சிலர் விளிம்புக்குப் பதிலாக நிறத்தைப் பார்ப்பார்கள், திட்டுக்கு உள்ளே இருக்கும் நிறம் வெளியே சுற்றியிருக்கும் தரையோடு ஒத்துப்போகிறதா என்று. ஒத்துப்போனால் பொருள் போய்விட்டது.

அசையாத திட்டைப் பிடிப்பதிலும் பல வழிகள். போரிக்லி, இவானோவ், ஹாகா மூவரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு பின்னணிகள் வைத்திருப்பார்கள், ஒன்று மெதுவாகக் கற்கும், இன்னொன்று வேகமாகக் கற்கும். நடந்து போகிற ஆள் இரண்டிலுமே முன்னணியாக, அதாவது பின்னணியோடு சேராமல் தனித்து, தெரிவார். வைத்துவிட்டுப் போன பை, வேகமான பின்னணிக்குள் சீக்கிரம் கலந்துவிடும், மெதுவான பின்னணியிலோ இன்னும் முன்னணியாகவே துருத்திக்கொண்டு நிற்கும். மெதுவானதில் முன்னணி, வேகமானதில் பின்னணி, இந்தச் சேர்க்கை வந்தால் புதிதாக வந்து நின்ற பொருள். ஆளைத் தனித்தனியாகப் பின்தொடர வேண்டிய அவசியமே இல்லை, கூட்டமான இடத்தில் அது பெரிய விஷயம்.

இப்படி உள்வேலை தெரிந்தால், "தற்காலிகமாக அசையாத பகுதி" என்று மட்டும் சொல்லி, பை என்ற சொல்லே இல்லாத ஆவணமும் உங்களுக்கு ஆதாரம் என்று புரியும்.

எந்தத் தேதிக்கு முன்னால்

ஆவணம் விண்ணப்பத்தின் முதல் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் தாக்கல் தேதி இருக்கும், ஆனால் அதற்கு முன்பு ஒரு தற்காலிக விண்ணப்பமோ வெளிநாட்டு விண்ணப்பமோ இருந்தால் அதன் தேதி வரை பின்னோக்கிப் போக விண்ணப்பதாரருக்கு வாய்ப்புண்டு, ஆகவே பட்டியலில் இருப்பதிலேயே பழைய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்தும் இன்னொரு வருடம் பின்னால் போய்விடுவது என் பழக்கம். அமெரிக்கச் சட்டத்தில் கண்டுபிடிப்பாளர் தானே வெளியிட்டதற்கு ஒரு வருட விலக்கு உண்டு, அந்த ஒரு வருடத்துக்குள் வரும் கட்டுரை அவருடையதாகவே இருந்துவிட்டால் பிரயோஜனமில்லை.

இன்னொரு நல்ல விஷயம், பழைய அமெரிக்க விண்ணப்பங்கள் வெளியான தேதி பிந்தியதாக இருந்தாலும், வேறொருவர் அவற்றைத் தாக்கல் செய்த தேதி முந்தியதாக இருந்தால் அவையும் கணக்கில் வரும். காகிதங்களில் தேடி அலுத்துப்போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

எங்கே, எந்தச் சொல்லில் தேடுவது

இந்தத் துறையில் தேடலைக் கெடுப்பது சொல்தான். ஒரே வசதியை ஒரு கம்பெனி அபாண்டண்ட் ஆப்ஜெக்ட் என்கிறது, ஹிக்விஷன் கையேடுகள் அன்அட்டெண்டட் பேகேஜ் என்கின்றன, பாஷ் ஐடில் ஆப்ஜெக்ட் என்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் லெஃப்ட் லக்கேஜ், ஸ்டேஷனரி ஃபோர்கிரவுண்ட், ஸ்டாட்டிக் ரீஜன் என்றெல்லாம் வரும். எடுக்கப்பட்ட பக்கத்துக்கு ரிமூவ்ட், மிஸ்ஸிங், ஸ்டோலன், டேக்கன். பின்னணியில் பொருள் போன இடத்தில் மிஞ்சும் பொய்த் திட்டை கோஸ்ட் என்பார்கள், கோஸ்ட் கண்டறிதல் பற்றிய கட்டுரைகளில் விளிம்பு ஒப்பீடு அடிக்கடி வரும், ஆனால் தலைப்பில் பொருளைப் பற்றி ஒரு சொல் இருக்காது. சாலையோரம் நிறுத்தக் கூடாத இடத்தில் நின்ற வண்டியைப் பிடிக்கும் வேலையும் இதே கணக்குதான், அதையும் தேடுங்கள்.

காப்புரிமைகளுக்குள் தேட கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், அமெரிக்க அலுவலகத்தின் பேட்டன்ட் பப்ளிக் சர்ச் மூன்றும் இலவசம். சொல்லோடு, காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணையும் சேர்த்தால் குப்பை நிறையக் குறையும். கேமரா வைத்த திருட்டு எச்சரிக்கை அமைப்புகள் ஜி08பி 13/196-இன் கீழ் வரும், படங்களைக் கழித்து அசைவை அறிவது ஜி06டி 7/254, சந்தேகத்துக்குரிய பொருள் உட்பட இடத்தைக் கண்காணிப்பது ஜி06வி 20/52. ஏதாவது ஒரு நல்ல ஆவணம் கிடைத்துவிட்டால் அது யாரை மேற்கோள் காட்டுகிறது, அதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று இரு பக்கமும் நடந்து போங்கள், எனக்குத் தெரிந்து நல்ல ஆதாரங்கள் பெரும்பாலும் அப்படித்தான் அகப்படுகின்றன.

கட்டுரைகளில் மூன்று இடங்களை விட்டுவிடவே கூடாது. ஒன்று, கண்காணிப்பு வீடியோ ஆய்வுக்கென்று 2006-இல் நடந்த பெட்ஸ் பட்டறை. லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் நான்கு கேமராக்களால் எடுத்த ஏழு காட்சிகளைக் கொடுத்து, விட்டுப்போன பெட்டியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். உரிமையாளர் பெட்டியிலிருந்து 3 மீட்டருக்கு மேல் விலகினால் அது கவனிப்பாரற்றது, அப்படியே 30 விநாடி போனால் கைவிடப்பட்டது என்று விதியே எழுதி வைத்திருந்தார்கள். "முன்கூட்டி நிர்ணயித்த தூரம்", "முன்கூட்டி நிர்ணயித்த நேரம்" என்று ஒரு க்ளெய்ம் பெருமையாகச் சொன்னால் இதைவிடச் சுத்தமான பதில் கிடையாது. இரண்டு, வீடியோ கண்காணிப்பு பற்றி 2007-இல் லண்டனில் நடந்த ஏவிஎஸ்எஸ் கருத்தரங்கு, பிரிட்டன் உள்துறையின் ஐ-லிட்ஸ் என்ற சோதனை வீடியோக்களை வைத்து எழுதிய கட்டுரைகள் அதில் இருக்கின்றன. மூன்று, ஐபிஎம்மின் தியான், ஃபெரிஸ், ஹம்பாபுர் குழு 2008-இலும் 2011-இலும் வெளியிட்டவை. கைவிடப்பட்டது, அகற்றப்பட்டது என்ற இரண்டையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்திருப்பார்கள்.

"கேமராவின் உறைக்குள்ளேயே செயலி" என்ற கூறுக்குக் கட்டுரைகள் அவ்வளவு உதவாது, ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரில் ஓட்டுவார்கள். அதற்குக் கையேடுகள்தான் வேண்டும். பழைய ஐபி கேமராக்களின் (நெட்வொர்க்கில் இணையும் கேமராக்களின்) அமைப்புக் கையேடு, தரவுத்தாள், ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) வெளியீட்டுக் குறிப்பு. கம்பெனியின் இப்போதைய தளத்தில் பழையது இருக்காது, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் அந்தக் கம்பெனியின் டவுன்லோட் பக்கத்தை அந்த வருடத்துக்குப் பின்னோக்கித் திருப்பிப் பாருங்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் வருடம் மட்டும் போதாது, அது அச்சிட்ட வருடமே தவிர பொதுமக்கள் கைக்கு எட்டிய நாளைக் காட்டாது. வேபேக் பதிவின் தேதியையும் சேர்த்துக் காட்டினால் வலுவாக இருக்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பக்கூடியவை காப்புரிமைகள், வெளியான விண்ணப்பங்கள், மற்ற வெளியீடுகள் மட்டும்தான். "அந்த கேமராவை நான் 2010-இல் பொருத்தினேன்" என்ற சாட்சியம் இந்த வழியில் செல்லாது, அந்த கேமராவின் கையேடு செல்லும். ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் உங்களிடம் வந்த ஆவணத்தைத் தொடவே தொடாதீர்கள்.

மூன்று ஆவணம் போதும்

தேடி முடிக்கும்போது கையில் இருபது முப்பது இருக்கும், எல்லாவற்றையும் அனுப்பிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். உங்கள் தரப்பிலிருந்து முதல்முறையும் ஒரே முறையுமாக, மூன்று அல்லது அதற்குக் குறைவான ஆவணங்கள் என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் போனால் பத்து ஆவணங்களுக்கு ஒரு கட்டணம் என்று கணக்கு ஓடும். பணத்தை விட்டாலும், நேரமில்லாத பரிசோதகர் முன் முப்பது ஆவணத்தைக் கொட்டினால் நல்லதும் சேர்ந்து புதைந்துவிடும்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பத்தி போட்டு, கூறு இருக்கும் கட்டத்தில் பக்க எண்ணையும் வரியையும் எழுதுங்கள். கடினமான கூறைக் காட்டும் ஆவணம் கட்டாயம் உள்ளே வர வேண்டும். அடுத்தது அதிகக் கட்டங்களை நிரப்பும் ஆவணம். மூன்றாவது, இவை இரண்டும் விட்ட இடத்தை அடைப்பது. பரிசோதகர் ஏற்கெனவே மேற்கோள் காட்டிவிட்டதையும், விண்ணப்பதாரரே பட்டியல் கொடுத்ததையும் பேட்டன்ட் சென்டரில் பார்த்துக் கழித்துவிடுங்கள்.

அரைகுறையான ஆவணத்தை அனுப்புவது சும்மா இருப்பதைவிட மோசம் என்பது என் கருத்து. பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்று முடிவு செய்து காப்புரிமை கொடுத்துவிட்டால், பின்னாளில் யாராவது அதே ஆவணத்தை வைத்து எதிர்க்கும்போது "இது ஏற்கெனவே பரிசீலிக்கப்பட்டது" என்ற பதில் தயாராக இருக்கும். கடினமான கூறுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா, அப்படியானால் அந்தக் கூறு உண்மையிலேயே புதிதாக இருக்கலாம், அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

விளக்கம் எழுதுவது

ஒவ்வொரு ஆவணத்துக்கும் அது எப்படித் தொடர்புடையது என்று ஒரு சுருக்க விளக்கம் கட்டாயம். பலர் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் எல்லோருக்கும் வாதாடத் தோன்றும். "எனவே க்ளெய்ம் 1 புதுமையற்றது, நிராகரிக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால்கூடத் தகராறு. காப்புரிமை தரலாமா கூடாதா என்ற வாதமோ முடிவோ அதில் இருக்கக் கூடாது. மென்பொருளுக்குக் காப்புரிமையே தரக்கூடாது என்ற கொள்கைப் பேச்சுக்கும் அங்கே இடமில்லை. மறுபுறம் "இந்த ஆவணம் தொடர்புடையது" என்று மொட்டையாக எழுதினாலும் ஏற்கமாட்டார்கள்.

எழுத வேண்டியது தகவல் மட்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் தொனி இப்படி இருக்கட்டும், ஒரு கற்பனைக் கையேட்டை வைத்துச் சொல்கிறேன்: "க்ளெய்ம் 1 கூறுவது: பகுதியின் எல்லையில் உள்ள விளிம்புகளைத் தற்போதைய படத்திலும் பின்னணி மாதிரியிலும் ஒப்பிடுதல். ஆவணம், பக்கம் 41, இரண்டாம் பத்தி: நிலைத்த பகுதியின் வெளிக்கோட்டில் விளிம்புச் செறிவு நேரடிப் படத்தில் அதிகமாக இருந்தால் புதிய பொருள் என்றும், குறிப்புப் படத்தில் அதிகமாக இருந்தால் பொருள் அகற்றப்பட்டது என்றும் சாதனம் அறிவிக்கிறது. படம் 12-உம் இதைக் காட்டுகிறது." அவ்வளவுதான். க்ளெய்மின் வாசகம் ஒரு பக்கம், ஆவணத்தின் வாசகம் மறுபக்கம் என்று அட்டவணையாகவும் கொடுக்கலாம், அவசரத்தில் இருக்கிற பரிசோதகருக்கு அதுதான் கண்ணில் சட்டென்று படும் என்பதால் நான் அட்டவணையையே சொல்வேன். ஆவணத்தின் சொற்களை முடிந்தவரை அப்படியே எடுத்துப் போடுங்கள். "இதிலிருந்து நாம் ஊகிக்கலாம்" என்று எழுதத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிட்டு, வேறு பக்கத்தில் நேரடியாகச் சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள்.

பரிசோதகர் க்ளெய்மின் சொற்களை நியாயமாக எவ்வளவு அகலமாக எடுக்க முடியுமோ அவ்வளவு அகலமாக எடுப்பார். அதனால் க்ளெய்ம் "பின்னணி மாதிரி" என்று மட்டும் சொன்னால், காலையில் எடுத்த ஒற்றைக் குறிப்புப் படத்தை வைத்து வேலை செய்யும் பழைய ஆவணமும் பொருந்தலாம். "புதுப்பிக்கிறது" என்ற சொல் கூடவே இருந்தால் பொருந்தாது. ஒரு சொல்லில் இவ்வளவு தொங்குகிறது, நிதானமாகப் படியுங்கள்.

தாக்கல் செய்யும் நாள்

பேட்டன்ட் சென்டர் வழியாகவே மின்னணு முறையில் அனுப்பலாம், அங்கே மூன்றாம் தரப்புக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஆவணப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் சுருக்க விளக்கம், ஆவணத்தின் நகல், கட்டணம் அல்லது கட்டண விலக்கு கோரும் உறுதிமொழி, விதிக்கு உட்பட்டு அனுப்புகிறேன் என்ற உறுதிமொழி, இவை வேண்டும். அமெரிக்கக் காப்புரிமைகளுக்கும் அங்கே வெளியான விண்ணப்பங்களுக்கும் நகல் தேவையில்லை. ஜப்பானிய, கொரிய, ஜெர்மன் ஆவணம் என்றால் நீங்கள் சுட்டும் பகுதிக்காவது ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம், கண்காணிப்பு கேமராவில் ஜப்பானிய ஆவணங்கள் நிறைய இருப்பதால் இது அடிக்கடி வரும். பட்டியலுக்கு பிடிஓ/எஸ்பி/429 என்ற படிவம் இருக்கிறது.

ஒன்று குறைந்தாலும் முழுத் தாக்கலும் தள்ளுபடி, பாதியை ஏற்றுக்கொள்வது என்ற பேச்சே இல்லை. சரிசெய்து திரும்ப அனுப்பலாம், ஆனால் கெடுவுக்குள். ஆகவே கடைசி நாள்வரை இழுக்காமல் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் அனுப்பிவிட்டு, அறிவிப்பு வேண்டும் என்று மின்னஞ்சலைக் கொடுத்து வையுங்கள்.

கையெழுத்துப் போடுகிறவர் பெயர் கோப்பில் இருக்கும். பின்னால் இருப்பது யார் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, வேறொருவர் உங்களுக்காகப் போடலாம். நீங்கள் கேமரா கம்பெனியில் வேலை செய்கிறவர் என்றால், விண்ணப்பத்தைப் படிக்கும் முன்பே கம்பெனியின் சட்டப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஒரு காப்புரிமை பற்றி முன்பே தெரிந்திருந்தது என்பது பிறகு வழக்கு வந்தால் உங்களுக்கே எதிராகத் திரும்பலாம்.

அனுப்பிய பிறகு

உங்களுக்குப் பதில் கடிதம் வராது. விவாதத்தில் கலந்துகொள்ளவும் முடியாது. விண்ணப்பதாரர் உங்கள் ஆவணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கடமையும் கிடையாது. பரிசோதகர் அதைப் படித்து அடுத்த கடிதத்தில் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் போகலாம். பேட்டன்ட் சென்டரில் அவ்வப்போது பார்த்து வந்தால், பட்டியலில் பரிசோதகர் பரிசீலித்ததற்கான குறிப்பும், நிராகரிப்புக் கடிதத்தில் உங்கள் ஆவணத்தின் பெயரும் தெரியும். பல சமயம் முழு நிராகரிப்பு வராது, க்ளெய்ம் குறுகும். "பொருளைக் கண்டறியும் கேமரா" என்று ஊரையே வளைத்துக்கொண்டு வந்தது, "இன்ன வகை வெப்பப் படத்தோடு இணைத்து, இன்ன முறையில் ஒப்பிட்டு" என்று சுருங்கிப் போகும். மற்ற கேமராக்காரர்கள் தொந்தரவில்லாமல் வேலை செய்ய அதுவே போதும், அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அதே கண்டுபிடிப்பு மற்ற நாடுகளிலும் தாக்கலாகியிருக்கலாம், எஸ்பாஸ்நெட்டில் குடும்பப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். ஐரோப்பிய அலுவலகத்தில் மூன்றாம் தரப்புக் கருத்தைக் கட்டணமின்றி, பெயர் சொல்லாமல்கூட அனுப்பலாம், அங்கே வாதமும் எழுதலாம். சர்வதேச விண்ணப்பமாக இருந்தால் முன்னுரிமைத் தேதியிலிருந்து (அதாவது முதல் தாக்கல் தேதியிலிருந்து) 28 மாதத்துக்குள் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தளத்தில் போடலாம். இந்தியாவில் தாக்கலாகியிருந்தால் சட்டத்தின் 25(1) பிரிவின்படி, வெளியான பிறகு, வழங்கப்படும் முன்பு, எவரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அது வேறு வகை ஆயுதம், அங்கே நீங்கள் ஒரு தரப்பாகவே நின்று விசாரணை கேட்கலாம், கணினி நிரலுக்கு அப்படியே காப்புரிமை இல்லை என்ற 3(கே) பிரிவையும் எழுப்பலாம். ஒரே ஸ்ப்ரெட்ஷீட் எல்லா இடத்துக்கும் உதவும், ஆனால் க்ளெய்ம் வாசகம் நாட்டுக்கு நாடு மாறியிருக்கும் என்பதால் இடது பத்தியை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.